குடும்பம், கொறங்காடு, மாடு: மூன்று படிவங்களின் பதிவுகளை ஒன்றோடொன்று இணைப்பது எப்படி?

கேள்வி: கிளுவைவேலி, காங்கயம்

வணக்கம். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பகுதிகளில் உள்ள கொறங்காடுகளையும் (முள் வேலியிட்ட மேய்ச்சல் நிலங்கள்) அவற்றில் மேயும் காங்கய மாடுகளையும் பற்றி ஆறு பேர் கொண்ட சிறு குழுவாக ஒரு கணக்கெடுப்பை நடத்திவருகிறோம். ஆண்டிராய்டு கைப்பேசியில், கணக்கெடுப்புப் படிவங்களை நிரப்ப உதவும் ஓடிகே கலெக்ட் செயலியில் விவரங்களைக் குறித்துக்கொண்டு, மாலையில் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் ஓடிகே சென்ட்ரல் சர்வருக்கு அனுப்புகிறோம். படிவங்களை எக்செல் தாளில் நானே எழுதுகிறேன்.

எங்களிடம் மூன்று படிவங்கள் உள்ளன. முதலாவது குடும்பத்தைப் பற்றியது. இரண்டாவது கொறங்காட்டைப் பற்றியது: பரப்பு, கிளுவை வேலியின் நிலை, கொழுக்கட்டைப் புல் எவ்வளவு நிற்கிறது, வெள்வேல மரங்கள் எத்தனை என்பன அதில் வரும். மூன்றாவது மாட்டைப் பற்றியது. ஒவ்வொரு மாட்டையும் மாதம் ஒருமுறை நேரில் பார்த்து, கறவை, சினை, தீவனம், நோய், தடுப்பூசி ஆகியவற்றை அதில் குறிக்கிறோம். இந்த மூன்றையும் இணைத்துப் பார்த்தால்தான் எந்தக் கொறங்காட்டில் மேய்ந்த மாடு எந்த மாதத்தில் எவ்வளவு கறந்தது என்று சொல்ல முடியும். கணக்கெடுப்பின் நோக்கமே அதுதான். அந்த இணைப்பில்தான் நாங்கள் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

முதலில் மூன்று படிவங்களிலும் குடும்பத் தலைவரின் பெயரைத் தட்டச்சு செய்யச் சொன்னேன். ஒரே மனிதர் ஒரு படிவத்தில் பழனிசாமி, இன்னொன்றில் பழனிச்சாமி, மற்றொன்றில் பழநிசாமி என்று மூவராகிவிட்டார். அதே ஊரில் உண்மையிலேயே நான்கு பழனிசாமிகள் இருக்கிறார்கள் என்பதால், எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் யார் யார் என்பது தெளியவில்லை.

அடுத்து, ஊர்ச் சுருக்கம், வீட்டு வரிசை எண், மாட்டு வரிசை எண் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு குறியீட்டை உருவாக்கினேன். ஒரே நாளில் ஊரின் இரு கோடிகளில் வேலை செய்த இருவர் இரண்டு வெவ்வேறு வீடுகளுக்கு 07 என்ற எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் சித்திரை வந்தது. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் எங்கள் கணக்கில் இருந்த ஒரு பசு, எங்கள் கணக்கிலேயே இருக்கும் வேறொரு குடும்பத்துக்கு விற்கப்பட்டது. பழைய எண்ணில் பழைய வீட்டின் எண் ஒட்டிக்கொண்டிருந்ததால், புதிய வீட்டுக்குச் சென்ற எங்கள் பணியாளர் அதற்குப் புதிய எண் கொடுத்தார். இப்போது அந்தப் பசு கணக்கில் இரண்டு பசுவாக நிற்கிறது. அதன் ஆறு மாதக் கறவை விவரத்தில் ஒரு பகுதி ஒரு வீட்டிலும், மீதி இன்னொரு வீட்டிலும் கிடக்கின்றன.

இன்னொரு குழப்பமும் நேர்ந்தது. ஐப்பசியில் செவலைக் கிடாரிக்கன்று என்று பதிந்த ஒன்றைச் சித்திரையில் சென்ற வேறொரு பணியாளர் மயிலைக் கன்று என்று புதிதாகப் பதிந்திருக்கிறார். பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும் காங்கயக் கன்று ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும் என்பது மாடு வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். எங்கள் படிவத்துக்குத்தான் அது தெரியவில்லை.

முதல் படிவத்தில் பதிந்த குடும்பங்கள் இரண்டாவது, மூன்றாவது படிவங்களில் பட்டியலாக வந்து நிற்க வேண்டும். தேர்ந்தெடுத்தால் போதும், தட்டச்சே கூடாது. இது முடியுமா? கொறங்காட்டின் நடுவில் சிக்னல் இல்லாதபோதும் இது நடக்குமா? ஏற்கெனவே சேர்த்த ஆறு மாதத் தரவை என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் எங்கள் உழைப்பு வீணாகாமல் இருக்கும்.

மறுமொழி: வாய்க்கால்மேடு, கோபிசெட்டிபாளையம்

தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் வயல்களைப் பற்றி நாங்கள் ஒரு கணக்கெடுப்பைச் செய்தபோது ஒரே படிவத்தில் ரிப்பீட் குழு வைத்தோம். ஒரு குடும்பம், அதற்குள் எத்தனை வயல் உண்டோ அத்தனை முறை அதே கேள்விகள் என்று அது திரும்பத் திரும்ப வரும். ஒரே அமர்வில் எல்லா விவரமும் கிடைத்துவிடும் வேலைக்கு இதைவிட எளிய வழி கிடையாது. இணைப்பை மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.

ஆனால் மஞ்சள் ஒன்பது, பத்து மாதப் பயிர். நடவின்போது ஒருமுறையும் வெட்டின்போது ஒருமுறையும் அதே வயலைப் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டாவது முறை போனபோது முதல் படிவம் அனுப்பப்பட்டு முடிந்திருந்தது. கைப்பேசியிலிருந்து அதற்குள் புகுந்து மூன்றாவது வயலுக்கு மட்டும் புதிய விவரம் சேர்க்க எங்களுக்கு வழி இருக்கவில்லை. நீங்கள் மாதந்தோறும் அதே மாட்டைப் பார்க்கிறவர்கள் என்பதால் ரிப்பீட் உங்களுக்கு உதவாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று எழுதுகிறேன், ஏனென்றால் பலரும் உங்களுக்கு முதலில் அதைத்தான் பரிந்துரைப்பார்கள்.

ரிப்பீட் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஓடிகே போன்ற இன்னொரு கணக்கெடுப்பு மென்பொருளான கோபோடூல்பாக்ஸிலிருந்து எக்செல்லாக எடுக்கும்போது, உள்தாளில் இருக்கும் ஒவ்வொரு வரியும் எந்தக் குடும்பத்துக்கு உரியது என்பதை ‘பேரன்ட் இண்டெக்ஸ்’ என்ற நெடுவரிசை காட்டும். அது அந்த ஏற்றுமதியில் விழும் வரிசை எண் மட்டுமே. நடுவில் ஒரு பதிவை நீக்கிவிட்டு அடுத்த மாதம் மறுபடி எடுத்தால் எண்கள் நகர்ந்துவிடும். சென்ற மாதத் தாளையும் இந்த மாதத் தாளையும் அந்த எண்ணை நம்பி ஒட்டக் கூடாது. சமர்ப்பிப்பின் (நிரப்பி அனுப்பிய ஒவ்வொரு படிவத்தின்) யூயூஐடி, அதாவது மென்பொருள் தானே கொடுக்கும் தனி அடையாளக் குறியீடு, என்று ஒரு நெடுவரிசை தனியாக வரும். அதைக் கொண்டுதான் ஒட்ட வேண்டும்.

மறுமொழி: நொய்யல்கரை, கொடுமுடி

கிளுவைவேலி அவர்களுக்கு, நீங்கள் கேட்டது முடியும். அதைச் செய்யும் வழியைச் சொல்வதற்கு முன்னால், உங்கள் குறியீடு ஏன் உடைந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதைப் புரிந்துகொள்ளாமல் மென்பொருளின் வசதியை மட்டும் பயன்படுத்தினால் இதே சிக்கல் வேறு உருவத்தில் திரும்பி வரும்.

ஊர், வீடு, வரிசை என்று நீங்கள் அமைத்த குறியீட்டில் ஒவ்வொரு பகுதியும் ஒரு செய்தியைச் சொல்கிறது. செய்தி மாறக்கூடியது. மாடு விற்கப்படும், கொறங்காடு குத்தகைக்குப் போகும், அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டால் ஒரு குடும்பம் இரண்டாகும். மாறக்கூடிய ஒன்றை அடையாளத்துக்குள் வைத்துத் தைத்துவிட்டால், அது மாறும் நாளில் அடையாளமே கிழிந்துபோகும். எனவே அடையாளம் எதையும் சொல்லாத, பொருளற்ற ஒரு குறியீடாக இருக்க வேண்டும். அது மாட்டுக்கு ஒருமுறை மட்டும் கொடுக்கப்பட வேண்டும், அந்த மாடு எந்தக் கட்டுத்தரைக்குப் போனாலும் கூடவே போக வேண்டும். வீடு, நிறம், மாட்டின் காதில் போடும் அடையாளத் தோட்டின் எண் ஆகிய எல்லாம் அந்த அடையாளத்தின்மேல் எழுதப்படும் விவரங்கள் மட்டுமே.

அப்படிப்பட்ட குறியீட்டை மனிதர்கள் கொடுக்கக் கூடாது. கைப்பேசியே கொடுக்க வேண்டும். யூயூஐடி என்பது அதற்காகவே உள்ளது. தற்செயலாக உருவாகும் 32 பதினறும இலக்கங்களைக் (0 முதல் 9 வரை, a முதல் f வரை) கொண்ட அந்தத் தொடர், இரண்டு கைப்பேசிகளில் ஒன்றாக அமைவதற்கான வாய்ப்பு நடைமுறையில் இல்லை என்றே கொள்ளலாம். சிக்னல் இல்லாத இடத்திலும், ஊரின் இரு கோடியில் இருவர் ஒரே நேரத்தில் பதிந்தாலும், 07 என்ற உங்கள் மோதல் நிகழாது.

ஓடிகேயில் இதற்கென்றே என்டிட்டி என்ற வசதி இருக்கிறது. ஒரு குடும்பம், ஒரு மாடு என்று பட்டியலில் நிற்கும் ஒவ்வொரு பதிவும் ஓர் என்டிட்டி. எக்செல் படிவத்தில் கேள்விகள் உள்ள தாள், தெரிவுகள் உள்ள தாள் ஆகியவற்றோடு ‘என்டிட்டிஸ்’ என்ற பெயரில் மேலும் ஒரு தாளைச் சேர்த்து, அதில் பட்டியலின் பெயரையும், ஒவ்வொரு பதிவும் பட்டியலில் எந்தத் தலைப்போடு தோன்ற வேண்டும் என்பதையும் எழுதுகிறோம். கேள்வித் தாளில் ‘சேவ் டூ’ என்ற நெடுவரிசையைச் சேர்த்து, எந்தக் கேள்வியின் விடை பட்டியலின் எந்தப் பண்பாகச் சேமிக்கப்பட வேண்டும் என்று குறிக்கிறோம். இதன்பின் அந்தப் படிவத்தை நிரப்பி அனுப்பும்போதெல்லாம் சர்வரில் ஒரு புதிய என்டிட்டி உருவாகும். யூயூஐடி தானாகவே அமையும். அடுத்த படிவத்தில், கோப்பிலிருந்து தேர்ந்தெடுக்கும் கேள்வி வகையைப் பயன்படுத்தி, அந்தப் பட்டியலின் பெயரைச் சிஎஸ்வி கோப்பின் (அட்டவணையை வெறும் உரையாகச் சேமிக்கும் கோப்பு) பெயராக எழுதினால் போதும். கோப்பை நீங்கள் தயாரித்து ஏற்ற வேண்டியதில்லை. சென்ட்ரலே அதை அவ்வப்போது புதுப்பித்துக் கைப்பேசிகளுக்கு அனுப்பும்.

உங்கள் வேலைக்கு மூன்று பட்டியல்கள் தேவை: குடும்பம், கொறங்காடு, மாடு. மாட்டைப் பதியும் படிவத்தில் முதல் கேள்வியாகக் குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அந்த விடையை ‘தற்போதைய குடும்பம்’ என்ற பண்பாகச் சேமியுங்கள். அதில் சேமிக்கப்படுவது பெயர் அன்று, குடும்பத்தின் யூயூஐடி. மாதாந்திரப் படிவத்தில் முதலில் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்ததும், அந்தக் குடும்பத்தைத் தற்போதைய குடும்பமாகக் கொண்ட மாடுகள் மட்டும் அடுத்த கேள்வியில் வரும்படி ‘சாய்ஸ் ஃபில்டர்’ நெடுவரிசையில் ஒரு நிபந்தனை எழுதலாம். நூற்றுக்கணக்கான மாடுகளில் தேடாமல் மூன்று, நான்கு மாடுகளில் ஒன்றைத் தொட்டால் போதும்.

மாதாந்திரப் பார்வையை என்டிட்டியாக ஆக்காதீர்கள். இந்த வசதி கிடைத்ததும் எல்லாவற்றையும் பட்டியலாக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது, பட்டியல் பெருத்துக் கைப்பேசி திணறியபோதுதான் விட்டேன். மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்க வேண்டியவை மட்டுமே பட்டியலில் இருக்க வேண்டும். மாதாந்திரப் பார்வை ஒருமுறை நிகழ்ந்து முடிந்துவிடுகிற செயல். அது மாட்டின் யூயூஐடியைத் தாங்கிய ஒரு சாதாரணச் சமர்ப்பிப்பாக இருந்தால் போதும்.

இனி விற்பனை. இதற்குத் தனியாக ஒரு நிகழ்வுப் படிவம் வையுங்கள். விற்பனை, இறப்பு, குத்தகை, பாகப்பிரிவினை ஆகியவற்றில் எது, எந்த நாளில், யாரிடமிருந்து யாருக்கு என்று அதில் கேளுங்கள். அந்தப் படிவத்தின் என்டிட்டிஸ் தாளில் ‘என்டிட்டி ஐடி’ என்ற நெடுவரிசையைச் சேர்த்து, தேர்ந்தெடுத்த மாட்டின் குறியீட்டை அதில் சுட்டினால், புதிய என்டிட்டி உருவாகாமல் பழைய மாட்டின் விவரம் புதுப்பிக்கப்படும். கண்ணபுரத்தில் விற்ற பசுவின் தற்போதைய குடும்பம் மாறும், பசு மாறாது. கன்றின் நிறம் மாறுவதையும் இதே வழியில் திருத்தலாம். தலைப்பில் நிறத்தைச் சேர்த்திருந்தால் தலைப்பையும் அதே படிவத்தில் மாற்றி எழுத மறக்காதீர்கள்.

இங்கே ஒரு நுட்பம் உள்ளது, பலர் தவறவிடுவது. பட்டியலில் இருப்பது இன்றைய நிலை. பங்குனியில் கறந்த பால் பங்குனியில் இருந்த வீட்டுக்கு உரியது. வைகாசியில் நீங்கள் தரவை இறக்கி, மாட்டின் குறியீட்டை வைத்துத் தற்போதைய குடும்பத்தோடு ஒட்டினால், பழைய வீட்டில் கறந்த பாலும் புதிய வீட்டுக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே மாதாந்திரப் படிவத்தில், தேர்ந்தெடுத்த குடும்பத்தின் குறியீட்டையும் மாடு அன்று மேய்ந்த கொறங்காட்டின் குறியீட்டையும் அந்தச் சமர்ப்பிப்புக்குள்ளேயே எழுதிவையுங்கள். அது அன்றைய நிலையின் நகலாக என்றும் மாறாமல் இருக்கும். மேய்ச்சல் நிலத்தை மாட்டோடு நிரந்தரமாக இணைக்கவே வேண்டாம். சொந்தக் கொறங்காட்டில் மேயும் மாடு, மழை பொய்த்த ஆண்டில் குத்தகைக் கொறங்காட்டுக்குப் போகும். அதை ஒவ்வொரு மாதமும் கேட்டுக் குறிப்பதே சரி.

எது ஒரு கொறங்காடு என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு தோட்டத்துக்காரர் தம்முடைய கொறங்காடு என்று சொல்வது கிளுவை வேலியால் பிரிக்கப்பட்ட மூன்று துண்டுகளாக இருக்கக்கூடும். மாடுகளைத் துண்டு மாற்றி மேய்ப்பது வழக்கம் என்பதால், வேலிக்குள் அடங்கிய ஒரு துண்டையே ஒரு பதிவாகக் கொள்ளும்படி நான் சொல்வேன். துண்டுகளைப் பின்னர் கூட்டிக்கொள்ளலாம். மொத்தமாகப் பதிந்ததைப் பின்னர் பிரிக்க முடியாது.

பெயர்ச் சிக்கலுக்கு, குடும்பத்தின் தலைப்பில் பெயரை மட்டும் வைக்காமல் தந்தை பெயர், தோட்டத்தின் பெயர், ஊர் ஆகியவற்றையும் சேருங்கள். நம் பக்கத்தில் ஊருக்குள் இருப்பவர்களைவிடத் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், இருப்பவர்களே அதிகம். மேற்காலத் தோட்டத்துப் பழனிசாமி என்றால் யார் என்பதில் யாருக்கும் ஐயம் வராது. தொலைபேசி எண்ணைப் பட்டியலின் பண்பாகச் சேமிக்காதீர்கள். பட்டியலில் உள்ள எல்லாம் ஆறு கைப்பேசிகளிலும் இறங்கும். ஒரு கைப்பேசி தொலைந்தால் எல்லாக் குடும்பங்களின் எண்களும் அதோடு போகும். அந்த எண் முதல் படிவத்தின் சமர்ப்பிப்பில் இருந்தால் போதும்.

கிளுவைவேலி, காங்கயம்

நொய்யல்கரை அவர்களுக்கு மிக்க நன்றி. அன்றைய குடும்பத்தை அன்றைய பதிவிலேயே எழுதிவைக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றியே இருக்காது. நேற்றிரவு குடும்பப் படிவத்தையும் மாட்டுப் படிவத்தையும் நீங்கள் சொன்னபடி மாற்றி, என் கைப்பேசியில் சோதித்தேன். வீட்டில் வைஃபையில் இருக்கும்போது குடும்பம் பட்டியலில் வந்தது.

இரண்டு ஐயங்கள் உள்ளன. மூலனூருக்குத் தெற்கே நாங்கள் வேலை செய்யும் இடங்களில் காலையிலிருந்து மாலை வரை சிக்னலே இருக்காது. காலையில் ஒரு குடும்பத்தைப் பதிந்துவிட்டு உடனே அதன் மாடுகளைப் பதிய வேண்டும். சர்வருக்கு அனுப்பாமல் அது பட்டியலில் வருமா? அடுத்தது, காதுத் தோட்டில் உள்ள 12 இலக்க எண்ணையே மாட்டின் அடையாளமாக வைத்துக்கொண்டால் யூயூஐடி எதற்கு என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

மறுமொழி: நொய்யல்கரை, கொடுமுடி

கலெக்ட் செயலியின் 2024ஆம் ஆண்டுப் பதிப்புகளில் இதற்கு வழி வந்துவிட்டது. ஒரு கைப்பேசியில் உருவாக்கிய என்டிட்டி, சர்வருக்குப் போகும் முன்பே அதே கைப்பேசியில் உள்ள மற்றப் படிவங்களின் பட்டியலில் தோன்றும். ஆறு கைப்பேசிகளிலும் செயலி புதியதாக உள்ளதா என்று முதலில் பாருங்கள். குடும்பப் படிவத்தை வரைவாகச் சேமித்து வைத்தால் இது நடக்காது. அதை இறுதிசெய்த பிறகே பட்டியலில் வரும். உங்கள் பணியாளர்கள், ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்று எல்லாவற்றையும் வரைவாக வைத்துக்கொண்டு மாலையில் ஒன்றாக இறுதிசெய்கிறவர்களாக இருந்தால், அந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும்.

ஆனால் அதே குடும்பம் இன்னொருவர் கைப்பேசியில் உடனே வராது. முதல் கைப்பேசி அனுப்பி, சர்வர் பெற்று, இரண்டாவது கைப்பேசி இணைப்புக்கு வந்து புதுப்பித்துக்கொண்ட பிறகே வரும். கலெக்டின் அமைப்பில் சர்வரோடு அப்படியே ஒத்திருக்கும்படி செய்யும் தெரிவு உண்டு. அதில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்படி வைத்தால், பணியாளர் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்ததும் பட்டியல் தானாகப் புதுப்பிக்கப்படும். இடைப்பட்ட நேரத்தில் இரட்டைப் பதிவு வராமல் காப்பது மென்பொருளின் வேலை அன்று, உங்கள் வேலைப் பங்கீட்டின் வேலை. ஓர் ஊரின் புதிய பதிவுகளை ஒருவர் மட்டுமே செய்யட்டும். மற்றவர் அங்கே போய்ப் பட்டியலில் இல்லாத மாட்டைக் கண்டால், புதிதாகப் பதியாமல், ‘பட்டியலில் இல்லை’ என்ற தெரிவைத் தொட்டு அதன் அடையாளங்களை ஒரு வரியில் எழுதிவரட்டும். இரவில் நீங்கள் உட்கார்ந்து இணைத்துக்கொள்ளலாம்.

ஒரே மாட்டின் விவரத்தை இருவர் இணைப்பில்லாத இடத்தில் வெவ்வேறாக மாற்றி அனுப்பினால், சென்ட்ரல் அதை முரண்பாடு என்று குறித்துக் காட்டும். இரண்டையும் பார்த்து எது சரி என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். மேலும், ஒரு சமர்ப்பிப்பைச் சென்ட்ரலில் திறந்து பெயரைத் திருத்தினால் அதிலிருந்து பிறந்த என்டிட்டியின் பெயர் தானாகத் திருந்தாது. என்டிட்டியைத் தனியே திறந்து திருத்த வேண்டும். இது தெரியாமல் நாங்கள் ஒரு மாதம் தேடியிருக்கிறோம்.

தோடு எண்ணைப் பற்றி, அதை அன்றாடம் கையாள்பவர் யாராவது இங்கே இருந்தால் அவர் சொல்வதே பொருத்தமாக இருக்கும்.

மறுமொழி: கட்டுத்தரை, தாராபுரம்

நான் கால்நடைகளுக்கான தடுப்பூசி முகாம்களில் பல ஆண்டுகள் தோடு போட்டவன். 12 இலக்க எண் நாடு முழுவதும் ஒரு மாட்டுக்கு ஒன்று என்ற முறையில் கொடுக்கப்படுவதால், அதை அடையாளமாகக் கொள்ளலாம் என்று எண்ணுவது இயல்புதான். நடைமுறையில் மூன்று தடைகள் இருக்கின்றன. பிறந்து சில வாரமே ஆன கன்றுகளுக்குத் தோடு இருக்காது, உங்கள் கணக்கெடுப்போ அவற்றிலிருந்து தொடங்குகிறது. கொறங்காட்டில் மேயும் மாடு கிளுவையிலும் வெள்வேல முள்ளிலும் உரசி உரசித் தோட்டை இழந்துவிடும். அப்போது புதிய தோடு புதிய எண்ணோடு வரும். சில வளர்ப்பாளர்கள் தங்கள் மாட்டின் காதைத் துளைக்க விரும்புவதும் இல்லை. அவர்களை நாம் கட்டாயப்படுத்தும் இடத்தில் இல்லை.

எனவே தோடு எண்ணை மாட்டின் ஒரு பண்பாக வைத்துக்கொண்டு, பழைய தோடு எண்ணுக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். இருக்கும் மாட்டைத் தேடுவதற்கு அது மிகவும் பயன்படும். தோட்டில் பார்கோடு இருப்பதால், ஓடிகேயின் பார்கோடு கேள்வி வகையைக் கொண்டு ஸ்கேன் செய்யலாம். சாணமும் சேறும் படிந்த தோட்டை ஈரத் துணியால் துடைத்த பிறகே அது ஸ்கேன் ஆகும். ஸ்கேன் ஆகாதபோது கையால் தட்டச்சு செய்ய நேர்ந்தால், எண்ணை இரண்டு முறை கேட்டு இரண்டும் ஒத்திருந்தால் மட்டுமே அடுத்த கேள்விக்குப் போகும்படி நிபந்தனை வையுங்கள். வளர்ப்பாளர்கள் மாட்டை நினைவில் வைத்திருப்பது கொம்பின் வளைவு, தாய்ப்பசு, எத்தனையாவது ஈத்து, எந்தச் சந்தையில் வாங்கியது என்பவற்றால்தான். தாய்ப்பசுவையும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் கேள்வியாக வைத்தால், வம்சமும் உங்கள் கணக்கில் கிடைத்துவிடும். நிறம் மாறினாலும் தாய் மாறாது.

மறுமொழி: தறிமேடை, சென்னிமலை

பழைய தரவைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். ஆறு மாதத் தரவைக் கைவிட வேண்டாம். குடும்பங்களை ஓர் எக்செல் தாளில் கொண்டுவந்து, இரட்டிப்புகளை அந்தந்த ஊரை அறிந்த பணியாளரோடு பக்கத்தில் உட்கார்ந்து நீக்குங்கள். இந்த வேலையைத் தனியாகச் செய்யக் கூடாது. எந்தப் பழனிசாமி எவர் என்பது தாளைப் பார்த்தால் தெரியாது. தூய்மையான பட்டியல் கிடைத்ததும் அதைச் சிஎஸ்வி கோப்பாகச் சென்ட்ரலில் ஏற்றினால், எல்லாக் குடும்பங்களும் ஒரே நேரத்தில் என்டிட்டிகளாகும். தலைப்பு என்ற நெடுவரிசை அதில் கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் பழைய குறியீட்டை ‘பழைய எண்’ என்ற பண்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எண் பெற்ற பசுவுக்கு இரண்டையும் எழுதிவையுங்கள். பின்னர் சென்ட்ரலிலிருந்து பட்டியலை இறக்கினால் யூயூஐடியும் பழைய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அதைக் கொண்டு பழைய மாதாந்திரப் பதிவுகளுக்குப் புதிய குறியீட்டைச் சேர்த்துவிடலாம்.

எக்செல் செய்யும் இரண்டு கெடுதல்களைக் கவனியுங்கள். தோட்டின் 12 இலக்க எண்ணை அது எண் என்று எடுத்துக்கொண்டு அறிவியல் குறியீட்டு முறையில் சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் நிரந்தரமாகப் போய்விடும். கொறங்காட்டின் புல எண்ணும் உட்பிரிவும் 3/2 என்று இருந்தால் அதைத் தேதி என்று எண்ணி மாற்றிவிடும். தாளில் எதையும் ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசைகளை உரை வகையாக மாற்றிவையுங்கள். சேமிக்கும்போது யூடிஎஃப் 8 வகைச் சிஎஸ்வியைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

கிளுவைவேலி, காங்கயம்

அனைவருக்கும் நன்றி. கடந்த மூன்று நாட்களில் மூலனூர்ப் பக்கம் இரண்டு பேரோடு புதிய படிவங்களைச் சோதித்தோம். சிக்னல் இல்லாமலே குடும்பத்தைப் பதிந்து, இறுதிசெய்து, உடனே அதன் மாடுகளைப் பதிய முடிந்தது. கண்ணபுரத்தில் விற்ற பசுவை நிகழ்வுப் படிவத்தின் வழியாக மாற்றினேன். அது இப்போது புதிய வீட்டின் பட்டியலில் வருகிறது, அதன் பழைய கறவைப் பதிவுகள் பழைய வீட்டின் பெயரிலேயே நிற்கின்றன. தாய்ப்பசுவைக் கேட்கும் கேள்வியையும் சேர்த்துவிட்டேன். மயிலையாக மாறிய கன்றின் தாய் எது என்று அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டபோது, அவர் இரண்டு பதிவுகளும் ஒரே கன்றுதான் என்பதை உடனே சொல்லிவிட்டார்.

ஒன்று மட்டும் நிற்கிறது. வெள்ளகோவில் அருகே ஒரு குடும்பத்தில் சென்ற வாரம் பாகம் பிரித்துக்கொண்டார்கள். கொறங்காட்டை நடுவில் வேலி போட்டு இரண்டாக்கப்போகிறார்கள். பழைய கொறங்காட்டின் பதிவை முடித்துவிட்டு இரண்டு புதிய பதிவுகளை உருவாக்கி, இரண்டிலும் பழையதன் குறியீட்டை ‘முந்தைய கொறங்காடு’ என்று எழுதலாம் என்று நினைக்கிறேன். வேலி போட்டு முடியும்வரை மாடுகள் முழு நிலத்திலும் மேயும் என்பதால், பழைய பதிவை வேலி முடியும் நாள்வரை பட்டியலில் வைத்திருக்கிறேன்.

மறுமொழி: நொய்யல்கரை, கொடுமுடி

நீங்கள் நினைத்ததே சரி. பழைய பதிவை அழிக்காதீர்கள். ‘நிலை’ என்று ஒரு பண்பைச் சேர்த்து அதில் ‘முடிந்தது’ என்று எழுதி, அப்படி எழுதப்பட்டவை பட்டியலில் தோன்றாதபடி சாய்ஸ் ஃபில்டரில் ஒரு நிபந்தனையைக் கூட்டுங்கள். இறந்த மாட்டுக்கும் இதையே செய்யலாம். வேலி முடிந்த தேதியை நிகழ்வுப் படிவத்தில் தோட்டத்துக்காரரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அங்கே போன தேதி வேறு, வேலி முடிந்த தேதி வேறு.